மெழுகில் பாடிய சோலைபாடி

பத்துபஸ்தியில் பொழுது சீக்கிரம் விடிந்துவிடும். கடிகாரம் என்னவோ சென்னைக் கடிகாரம்தான். சூரியன் மட்டும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் முந்திக்கொள்கிறது. மே மாதத்தில் ஐந்து மணிக்கெல்லாம் நல்ல வெளிச்சம். போர்ட் பிளேர் விமான நிலையத்திலிருந்து சில கிலோமீட்டரில், கராச்சர்மாவை ஒட்டி இருக்கிற இந்த ஊரில், கடைகளின் ஷட்டர் ஏறுவதற்கும் ஸ்கூட்டர்கள் கிளம்புவதற்கும் முன்னால் ஒரு மணி நேரம் பறவைகளின் ராஜ்ஜியம்.

மெயின்லேண்டிலிருந்து வந்திறங்கிய காதுக்கு முதலில் எல்லாம் பழகியதாகவே படும். குயில் கூவுகிறது. மைனாக்கள் சண்டை போடுகின்றன. குண்டுகரிச்சான் கம்பியில் உட்கார்ந்து சீட்டியடிக்கிறது. இதில் மைனா, பிரிட்டிஷார் கொண்டுவந்து விட்டது. குயிலோ அந்தமான் நிக்கோபாருக்கே உரிய கிளையினம். இவற்றுக்கு நடுவே ஒரு கூர்மையான உலோகச் சத்தம் வரும். அண்ணாந்து பார்த்தால், கரும்பச்சையாக மின்னுகிற உடம்பும் ரத்தச் சிவப்புக் கண்ணுமாக, மைனா சாதியைச் சேர்ந்த ஒரு கூட்டம் தென்னை மட்டையில் உட்கார்ந்திருக்கும். கழுத்தில் வெள்ளைப் பட்டை போட்ட நீல மீன்கொத்தி யாரையோ அதட்டுவதுபோல் கரகரவென்று கத்திவிட்டுப் போகும்.

இன்னும் கொஞ்ச நேரம் நின்றால், எது கேட்கவில்லை என்பது உறைக்க ஆரம்பிக்கும். நம்மூர் ஆலமரத்தில் நாள் முழுக்கத் தட்டிக்கொண்டிருக்கும் குக்குறுவான் இங்கே இல்லை. தோட்டத்தில் கும்பலாகக் கூச்சல் போடும் தவிட்டுக்குருவி இல்லை. இந்தப் பறவைகள் கடல் தாண்டி அந்தமானுக்கு வரவே இல்லை. புது இடத்தில் குரல் பிடிக்க நினைப்பவர் முதலில் செய்ய வேண்டியது இந்தக் கழித்தல்தான். மண்டைக்குள் இருக்கும் ஊர்ப் பட்டியலில் பாதியை அடித்துவிட்டுத் தொடங்கினால், கேட்கிற ஒவ்வொரு சத்தத்துக்கும் வீட்டுப் பறவை ஒன்றின் பெயரை ஒட்டிவிடும் ஆசை அடங்கும்.

அவ்வளவு பொறுமை இப்போது பலருக்குத் தேவைப்படுவதில்லை. சட்டைப்பையில் இருக்கும் செல்போனை எடுத்து, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகம் தரும் மெர்லின் செயலியைத் திறந்து, மைக்கை மரத்தின் பக்கம் நீட்டினால் திரையில் பெயர்கள் வரிசையாக விழுகின்றன. பறவை மறுபடி கூப்பிட்டால் அந்தப் பெயர் மஞ்சளில் ஒளிர்கிறது. மாயம் மாதிரி இருக்கிறது. இந்த மாயம் பிறந்த கதையைப் பின்னோக்கித் தேடிப் போனால் அது வந்து முட்டுகிற இடம் ஓர் இந்தியக் கூண்டுப் பறவை.

1889. ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்தில் லுட்விக் கோக் என்ற எட்டு வயதுப் பையன். அப்பா அவனுக்கு எடிசன் ஃபோனோகிராஃப் ஒன்றையும், ஒலி பதிப்பதற்கான மெழுகு உருளைகளையும் கொடுத்திருந்தார். பையன் குழாய்க்கு முன்னால் யார் கிடைத்தாலும் பேச வைத்தான். வீட்டுக் கூண்டில் ஒரு ஷாமா இருந்தது. நாம் சோலைபாடி என்று அழைக்கும் பறவை; நீண்ட வால், வெள்ளைப் பிட்டம், தெற்காசியக் காடுகளின் முதல்தரப் பாடகன். அந்தக் காலத்தில் நம் நாட்டிலேயே பாட்டுக்காகக் கூண்டில் வளர்த்தார்கள். ஐரோப்பாவுக்கும் கப்பலேறிப் போனது. அந்த ஷாமாவின் பாட்டை லுட்விக் மெழுகில் பிடித்தான். இன்று நமக்குக் கிடைத்திருக்கும் உலகின் மிகப் பழைய பறவைப் பாட்டுப் பதிவு அதுதான். ஊசி உராயும் இரைச்சலுக்குள்ளிருந்து அந்த ஷாமா இப்போதும் பாடுகிறது.

அந்தமானுக்கும் தனியாக ஒரு சோலைபாடி உண்டு. மெயின்லேண்ட் பறவையின் வயிறு செம்பழுப்பு, இதற்கு வெள்ளை. கல்கத்தாவில் ஆசியச் சங்க அருங்காட்சியகத்தின் காப்பாளராக இருந்த எட்வர்ட் பிளைத், 1850களின் இறுதியில், அதாவது போர்ட் பிளேரில் கைதிகள் குடியேற்றம் தொடங்கிய அதே சமயத்தில், இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். பத்துபஸ்தியிலிருந்து தெற்கே சிடியா டாப்பு போகிற சாலையின் காட்டோரங்களில் இப்போதும் பாடுகிறது.

ஆனால் பிளைத்தின் காலத்தில் பாட்டுக்கு அறிவியலில் மதிப்பு கிடையாது. கையில் கிடைத்த உடல்தான் சான்று. 1873ல் ஆலன் ஆக்டேவியன் ஹியூம் (பின்னாளில், 1885ல், காங்கிரஸ் கட்சியைத் தொடங்கி வைத்தவர்களில் முதன்மையானவர்) நண்பர்களோடு கப்பலில் அந்தமான் நிக்கோபார் தீவுகளைச் சுற்றிவந்தார். அவருடைய சேகரிப்பாளர் வில்லியம் டேவிசன் ஊட்டியில் வளர்ந்தவர். துப்பாக்கி, உப்பு, பஞ்சு, சீட்டு: இவைதான் அவர்களுடைய கருவிகள். சுட்டு, தோலுரித்து, பஞ்சடைத்து, காலில் சீட்டுக் கட்டுவார்கள். அந்தமான் பக்கியும் மரப்புறாவும் சின்ன ஆந்தையும் அந்த ஆண்டுதான் ஹியூமின் எழுத்தில் பெயர் பெற்றன. காலையில் பத்துபஸ்தியில் அதட்டிவிட்டுப் போகிறதே, அந்த மீன்கொத்தியின் அந்தமான் கிளையினத்துக்கு டேவிசன் பெயர். ஹியூம் கடைசியில் லண்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்த சேகரிப்பில் தோலும் முட்டையுமாக எண்பதாயிரத்துக்கும் மேல். அத்தனையிலும் ஒரு குரல்கூட இல்லை.

குரலை எழுதிவைக்க முயன்றவர்கள் இல்லாமல் இல்லை. எழுத்தில்தான் எழுதினார்கள். ஒருவர் ‘டுக்’ என்று கேட்டதை இன்னொருவர் ‘ட்யூக்’ என்று கேட்டார். ஜெர்மன்காரரின் காதில் விழுந்த எழுத்து வேறு, ஆங்கிலேயர் காதில் விழுந்தது வேறு. அமெரிக்காவில் ஸ்கைலர் மாத்யூஸ் என்பவர் 1904ல் ஒரு படி மேலே போய், பறவைப் பாட்டுகளை மேற்கத்திய இசைக் குறிப்பில் எழுதிப் புத்தகமே போட்டார். பியானோ தெரிந்தவர் வாசித்துப் பார்க்கலாம். ஆனால் பறவைகள் பியானோவின் கட்டைகளுக்குள் அடங்கிப் பாடுவதில்லை. சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில் வழுக்குகிற கமகம்தான் அவற்றின் உயிர். கர்நாடக சங்கீதக்காரர் யாராவது அந்த வேலையை எடுத்திருந்தால் கொஞ்சம் மேலாக வந்திருக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு.

கூண்டுப் பறவையைப் பதிவு செய்வது ஒன்று. காட்டுப் பறவையைப் பதிவு செய்வது வேறு வேலை. அதில் பெரிய திருப்பம் வந்தது சினிமாக்காரர்களால். 1929ல் பேசும் படம் புதிது. ஃபாக்ஸ் மூவிடோன் கம்பெனிக்காரர்கள் வெளிப்புறத்தில் ஒலியோடு படம் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று, பாடுகிற பறவை தேடி, கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் பேராசிரியர் ஆர்தர் ஆலனிடம் வந்தார்கள். அவர் இத்தாக்கா ஊரில் ஒரு பூங்காவுக்கு அழைத்துப்போனார். மே மாதக் காலை நேரத்தில் சினிமா ஃபிலிமின் ஓரத்தில் ஒரு சிட்டின் பாட்டு ஒளிக்கோடாகப் பதிந்தது. கம்பெனிக்காரர்கள் வந்த வேலை முடிந்து போய்விட்டார்கள். ஆலனும் அவருடைய மாணவர் பீட்டர் பால் கெல்லாக்கும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நியூயார்க் பங்குச் சந்தையை விட்டு விலகிவந்த ஆல்பர்ட் பிராண்ட் என்ற பணக்காரரும் சேர்ந்துகொண்டு கருவிகளுக்குச் செலவழித்தார்.

தூரத்துப் பறவையின் குரல் மைக்கில் விழவேண்டுமே? அதற்கு விடையாக ஒரு பெரிய குழிந்த தட்டு கிடைத்தது. முதல் உலகப் போர்க்காலச் சோதனைகளில் மிஞ்சிப்போன அச்சு ஒன்று இயற்பியல் துறையில் கிடந்தது. அதை வைத்துத் தட்டு செய்து, நடுவில் மைக்கைப் பொருத்தினால், எங்கோ கிளையில் பாடும் பறவையின் ஒலி மட்டும் குவிந்து வந்து விழுந்தது. இன்றைக்கும் தோளில் பிளாஸ்டிக் தட்டைச் சுமந்துகொண்டு அலையும் பறவை ஒலிப்பதிவாளர்கள் வைத்திருப்பது அதன் வம்சம்தான்.

1935ல் இவர்கள் லூசியானா மாநிலத்தின் சதுப்புக் காட்டுக்குப் போனார்கள். அரிதாகிவிட்ட தந்த அலகு மரங்கொத்தியைத் தேடி. ஒலிப்பதிவு லாரி சேற்றில் போகாது என்றதும் கருவிகளை இறக்கி, கோவேறு கழுதை இழுக்கும் வண்டியில் ஏற்றிக் காட்டுக்குள் கொண்டுபோனார்கள். குரலும் கிடைத்தது. 1944க்குப் பிறகு அந்த மரங்கொத்தியை யாரும் எல்லாரும் ஒத்துக்கொள்ளும்படி பார்த்ததில்லை. அந்தக் காடும் வெட்டப்பட்டுவிட்டது. இப்போது யாராவது அமெரிக்கக் காட்டில் சந்தேகமான சத்தம் கேட்டால் ஒப்பிட்டுப் பார்க்க இருப்பது கழுதை வண்டியில் போய்ப் பிடித்துவந்த அந்தச் சில நிமிடங்கள் மட்டும்தான். அந்தமானிலும் கறுப்பு உடம்பும் சிவப்புக் கொண்டையுமாக ஒரு பெரிய மரங்கொத்தி உண்டு. இந்தத் தீவுகளைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. அது கட்டையில் தட்டுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த லூசியானாக் கதைதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது.

லுட்விக் கோக் என்ன ஆனார்? யூதர், நாஜிகள் வந்ததும் ஜெர்மனியில் இருக்க முடியவில்லை. 1936ல் இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே மேக்ஸ் நிக்கல்சன், ஜூலியன் ஹக்ஸ்லி ஆகியோரின் துணையோடு, பறவைப் பாட்டு இசைத்தட்டுகளும் புத்தகமும் சேர்ந்த ஒரு தொகுப்பை அதே ஆண்டு வெளியிட்டார். பிபிசி வானொலியில் அவருடைய கனத்த ஜெர்மன் உச்சரிப்புக்கே தனி ரசிகர்கள் உருவானார்கள். தட்டைப் போட்டுக் கேட்டுவிட்டுக் காட்டுக்குப் போகலாம் என்ற பழக்கம் இப்படித்தான் வந்தது.

ஆனால் இசைத்தட்டில் ஒரு சிக்கல் இருந்தது. பெயர் தெரிந்தால் குரலைக் கேட்கலாம். குரலைக் கொடுத்துப் பெயரைக் கேட்க முடியாது. முன்னூறு பறவைகளின் தட்டுகளை வைத்துக்கொண்டு, நேற்று ராத்திரி காட்டில் கேட்ட ஒரு ஊளையை எதில் தேடுவது? பூட்டைத் திறந்தது பறவைகளோடு சம்பந்தமில்லாத ஓர் இயந்திரம். அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், ஒலியைப் படமாக வரையும் ஸ்பெக்ட்ரோகிராஃபை உருவாக்கினார்கள். காது கேளாதவர்கள் பேச்சைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம் என்ற ஆசையும் அதில் இருந்தது. 1947ல் ரால்ஃப் பாட்டரும் கூட்டாளிகளும் இதைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டார்கள். பேச்சைப் படிப்பது அவ்வளவு எளிதில் கைகூடவில்லை. பறவைக்காரர்களுக்கோ யோகம் அடித்தது. கேம்பிரிட்ஜில் வில்லியம் தார்ப் அந்த இயந்திரத்தை வைத்துக்கொண்டு, ஒரு சின்னப் பாடும் பறவை இனத்தின் குஞ்சுகள் பெரியவற்றைக் கேட்டுத்தான் முழுப் பாட்டையும் கற்கின்றன என்று 1954ல் காட்டினார்.

அந்தப் பழைய இயந்திரத்தில் ஒரு தடவைக்கு 2.4 விநாடி ஒலியைத்தான் வரைய முடியும். சுழலும் உருளையில் தாளைச் சுற்றி, முள் ஒன்று மின்பொறியால் தாளைக் கருக்கிக்கொண்டே போகும். சில நிமிடங்கள் கழித்து, அறை முழுக்கக் கருகல் வாசனையோடு, ஒரு குயில் கூவலின் பாதி கிடைக்கும்.

இன்று அந்தப் படம் செல்போன் திரையில் வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டே இருக்கிறது. அதைப் படிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். இடமிருந்து வலம் நேரம். கீழிருந்து மேல் சுருதி. கறுப்பின் அழுத்தம் ஒலியின் பலம். சிடியா டாப்பில் இருட்டிய பிறகு நின்று பார்த்தால் நன்றாக விளங்கும். செம்போத்தின் அந்தமான் சொந்தக்காரன் பொழுது சாயும் நேரத்தில் ஊப் ஊப் என்று கூப்பிடும். திரையில் ஆயிரம் ஹெர்ட்ஸுக்கும் கீழே, அடித்தட்டில், தடித்த சின்னக் கோடுகள். இருட்டியதும் பக்கி ‘ட்யூக், ட்யூக்’ என்று தட்டத் தொடங்கினால் ஒரே இடைவெளியில் ஒடுங்கிய செங்குத்துத் தீற்றல்கள். பிறகு ஆந்தைகள். ஹியூம் பெயரைத் தாங்கிய கரும்பழுப்பு ஆந்தை ‘ஹூ-வுப், ஹூ-வுப்’ என்று இரட்டையாகச் சொல்லும். திரையில் இவ்விரண்டு கோடுகள் ஜோடி ஜோடியாக நகரும். அதன் நெருங்கிய உறவான அந்தமான் பருந்தாந்தை ஒற்றை ஒற்றையாக, கொஞ்சம் கரகரப்பாக. இருட்டில் இரண்டும் நிழல்தான். டார்ச் அடித்தாலும் புதியவருக்கு வித்தியாசம் பிடிபடாது. கோடுகளில் பிடிபட்டுவிடும்.

மேலே சிலவிதப் பூச்சிகள் விடாமல் ரீங்காரமிடும். அவை திரையின் மேல்பகுதியில் தலைப்பாகை மாதிரி ஒரு கறுப்புப் பட்டையாகச் சுற்றியிருக்கும். காது அந்த இரைச்சலில் திணறும் இடத்தில்கூட, கண் அதை ஒதுக்கிவிட்டுக் கீழே ஓடுகிற ஆந்தையின் கோட்டைப் பார்த்துவிடும்.

இந்தப் படங்களை முதலில் பறவைக் கையேட்டிலேயே அச்சடித்தது 1966ல் வந்த ஒரு வட அமெரிக்கக் கையேடு. நமக்கு அந்த வசதி வர 2005 ஆனது. பமீலா ராஸ்முசென் எழுதி ஜான் ஆண்டர்டன் படம் போட்ட தெற்காசியப் பறவைகள் நூலில்தான் நம் பறவைகளின் குரல்கள் வரைபடங்களாக வந்தன. அந்தமான் பறவைகள் பலவற்றை மெயின்லேண்ட் இனங்களின் கிளை என்ற நிலையிலிருந்து பிரித்துத் தனி இனங்களாக அந்தப் புத்தகம் நிறுத்தியது. அந்தமான் சோலைபாடியும் அப்படித் தனித்து நின்ற ஒன்று. தோலையும் இறகையும் மட்டும் பார்த்தவர்கள் ஒன்று என்று சொன்னதை, குரலையும் சேர்த்துக் கேட்டவர் வேறு என்றார்.

அதே ராஸ்முசென் இன்னொரு கதையிலும் வருகிறார். அந்தக் கதைதான் இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்தது. இலங்கையின் தீபால் வாரகாகொட பறவைக் குரல்களைப் பதிவு செய்வதில் தேர்ந்தவர். 1995ல் கித்துல்கல மழைக்காட்டில் இரவில் ஒரு குரல் கேட்டார். மெல்லிய, நடுங்குகிற, ஒற்றைச் சுரம். இலங்கையில் எந்த ஆந்தைக்கும் அது பொருந்தவில்லை. தென்னிந்தியப் பறவைகளுக்கும் பொருந்தவில்லை. பதிவு கையில் இருக்கிறது. பறவை எது என்று தெரியாது. ஆறு ஆண்டுகள் அப்படியே போயின. 2001 ஜனவரியில் சிங்கராஜக் காட்டில் அந்தக் குரலுக்கு உடல் கிடைத்தது: செம்பழுப்பு நிறத்தில், காதுக் கொண்டை இல்லாத ஒரு சின்ன ஆந்தை. உலகத்துக்கே புதிய இனம். இலங்கைக்கு நூறாண்டுக்கு மேல் கழித்துக் கிடைத்த புதுப் பறவை. வாரகாகொடவும் ராஸ்முசெனும் 2004ல் அதை முறைப்படி விவரித்து, இலங்கைக் காடுகளைக் காக்கப் போராடிய திலோ ஹாஃப்மனின் பெயரைச் சூட்டினார்கள்.

அந்த ஆறு ஆண்டுகளில் எந்தச் செயலியிடம் கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருக்கும்? தெரிந்த ஆந்தைகளில் கொஞ்சம் சாயல் உள்ள ஒன்றின் பெயரைச் சொல்லியிருக்கும். வாரகாகொடவுக்கு உதவியது, இலங்கையின் மற்ற இரவுக் குரல்கள் அத்தனையும் அவருக்குத் தெரிந்திருந்தது. இதைத்தான் முதலில் கழித்தல் என்றேன். அருணாசலப் பிரதேசத்திலும் இப்படி ஒன்று நடந்தது. 2009ல் பெர் ஆல்ஸ்ட்ரோமும் ஷஷாங்க் தால்வியும், பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்த மலைப் பூங்குருவிகளில், பாறைவெளியில் இருப்பவை கரகரப்பாகவும் ஊசியிலைக் காட்டில் இருப்பவை இனிமையாகவும் பாடுவதைக் கவனித்தார்கள். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனதில் 2016ல் காட்டுப் பறவை தனி இனமாகி, சாலிம் அலியின் பெயர் பெற்றது.

செயலிக்கு வருவோம். அதற்கு முன்னால் ஒரு கிடங்கு பிறக்க வேண்டியிருந்தது. கார்னெலில் ஆலன் காலத்திலிருந்து சேர்ந்த பதிவுகள் மெக்காலே நூலகமாக வளர்ந்தன. 2005 மே மாதம் பாப் பிளாங்கே, வில்லெம்-பியர் வெலிங்கா என்ற இரண்டு நெதர்லாந்துக்காரர்கள் ஸெனோ-கான்டோ என்ற திறந்த ஒலித் தொகுப்பைத் தொடங்கினார்கள். யார் வேண்டுமானாலும் தன் பதிவைப் போடலாம், யார் வேண்டுமானாலும் கேட்கலாம். தப்பான பெயர் என்று தோன்றினால் கேள்வி எழுப்பலாம். இனம் தெரியாத குரலை ‘மர்மம்’ என்று போட்டு மற்றவர்களிடம் விடலாம். முதலில் தென் அமெரிக்கா, பிறகு உலகம் முழுவதும். இப்போது லட்சக்கணக்கில் பதிவுகள்.

மற்றது கணினி வித்தை. பூனையையும் நாயையும் புகைப்படத்தில் பிரித்தறியக் கற்ற அதே வகைக் கணினி நிரல்களிடம் ஸ்பெக்ட்ரோகிராம் படங்களைக் கொடுத்தார்கள். அதாவது செயலி பறவையைக் கேட்பதே இல்லை, பார்க்கிறது. கார்னெலும் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கிய பேர்ட்நெட் மூன்று மூன்று விநாடித் துண்டுகளாகப் பார்க்கிறது. மெர்லின் செயலி 2014லேயே வந்துவிட்டது; குரலை அடையாளம் காட்டும் வசதி அதில் சேர்ந்தது 2021 ஜூனில். அப்போது அமெரிக்கா, கனடாவின் 400 சொச்சம் பறவைகள் மட்டும். இந்தியப் பறவைகள் பின்னால் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன.

ஏன் ஒவ்வொன்றாக? ஓர் இனத்தைக் கற்றுக்கொடுக்க நூறு, நூற்றைம்பது நல்ல பதிவுகளாவது வேண்டும். அதோடு யாராவது உட்கார்ந்து, ஒவ்வொரு படத்திலும் இந்தக் கோடு இந்தப் பறவை, பின்னால் இருப்பது அந்தப் பறவை என்று கட்டம் போட்டுத் தரவேண்டும். காக்கைக்கும் குயிலுக்கும் பதிவுக்குப் பஞ்சமில்லை. ஒரு தீவுக் கூட்டத்தில் மட்டும் வாழ்கிற ஆந்தைக்கு? அங்கே போகிறவர்களே குறைவு. போகிறவர்களில் பதிவு செய்கிறவர்கள் இன்னும் குறைவு. மனிதன் தேவைப்படும் இடத்தில்தான் இயந்திரம் தடுமாறுகிறது. போதாக்குறைக்கு அந்தமான் காட்டில் துடுப்புவால் கரிச்சான் இருக்கிறது. பிற பறவைகளின் குரலை அச்சு அசலாகக் காட்டும் பகல்வேஷக்காரன். அது ஒன்று மரத்தில் உட்கார்ந்து தன் சரக்கை அவிழ்த்துவிட்டால் செயலியில் பெயர்கள் சடசடவென விழும். மரத்தடியில் நிற்பவர் நிமிர்ந்து பார்த்தால் ஒரே ஒரு கறுப்புப் பறவை, வால் நுனியில் இரண்டு துடுப்போடு.

செயலி இன்னொரு தந்திரமும் செய்கிறது. நாம் நிற்கும் இடத்தையும் தேதியையும் பார்த்து, அந்த ஊரில் அந்த மாதத்தில் எந்தெந்தப் பறவையைப் பார்த்திருக்கிறார்கள் என்று ஈபேர்ட் என்ற இணையதளத்தில் சேர்ந்திருக்கும் பட்டியலோடு ஒப்பிடுகிறது. அதுவும் காலையில் எழுந்து போய் எண்ணி எழுதிய மனிதர்களின் கணக்குதான். இடத்தை அணைத்துவிட்டுக் கேட்டுப் பார்த்தால் அதன் தைரியம் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

அதனால் அந்தமானுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது பழைய முறைதான். கிளம்புமுன் அங்கே சாதாரணமாகக் கேட்கும் பத்துப் பன்னிரண்டு குரல்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அரியவற்றை அல்ல, சலிப்பூட்டும் அளவுக்குச் சாதாரணமானவற்றை. போனதும் முதல் நாள் செல்போனை எடுக்காமல் பத்துபஸ்தி மாதிரி ஊருக்குள்ளேயே நின்று, பாடும் பறவை ஒவ்வொன்றையும் வாய் அசையும்போது கண்ணால் பார்த்துவிடுங்கள். குரலும் வாய் அசைவும் ஒருமுறை சேர்ந்துவிட்டால் மறக்காது. அதன்பின் காட்டுக்குப் போனால் புதிய குரல் தானாக உறுத்தும். அதற்கு அப்புறம் செயலியைக் கேளுங்கள். அது சொல்லும் பெயரைத் துப்பாக எடுத்துக்கொண்டு பறவையைத் தேடுங்கள். ஆந்தையைப் பார்க்க வேண்டும் என்று ஸ்பீக்கரில் அதன் குரலையே போட்டு இழுக்கும் வழக்கம் சிடியா டாப்பு போன்ற இடங்களில் எளிதில் தொற்றிக்கொள்ளும். எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து அந்தப் பறவை வேட்டையை விட்டுவிட்டு வந்து நிற்கும். அடுத்த நாளும் வேறு கும்பல் வந்து அதையே செய்யும். கூடு கட்டும் காலத்தில் இது கொடுமை.

பதிவு செய்தால் அதை ஊருக்குத் திரும்பியதும் தூங்கவிடாதீர்கள். கராச்சர்மாவைத் தாண்டினால் வரும் சிப்பிகாட் 2004 டிசம்பர் 26 வரை நெல்வயல். நிலநடுக்கத்தில் தென் அந்தமான் நிலம் தாழ்ந்து, கடல் நீர் உள்ளே வந்து, இன்று அது நீர்ப்பறவைகளின் சதுப்பு நிலம். அங்கே கேட்கிற குரல்களின் கதை இருபது வருடக் கதைதான். எழுத நிறைய இடம் இருக்கிறது. ஒலியைச் செல்போனில் வேவ் கோப்பாகவே வைத்துக்கொள்ளுங்கள். இரைச்சல் நீக்குகிறேன் என்று எந்தச் செயலியிலும் அதைக் கழுவாதீர்கள். பூச்சிச் சத்தத்தோடு பறவையின் பாதிக் குரலும் போய்விடும். பறவை பாடி ஓய்ந்ததும் உடனே நிறுத்தாமல், பழைய ஒலிப்பதிவாளர்கள் செய்வதுபோல, நீங்களே பேசி முடியுங்கள்: இடம், தேதி, மணி, எவ்வளவு தூரத்தில், பறவையைப் பார்த்தீர்களா அல்லது கேட்டது மட்டும்தானா என்று. தமிழிலேயே சொல்லலாம். பதிவேற்றும்போது அதைக் கேட்டு எழுதப்போவது நீங்கள்தானே.